துருப்பிடித்த நெய்

என் மாமனாரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். கைப்பேசியை மறப்பார், மூக்குக் கண்ணாடியை மறப்பார், சாக்பீஸை மறந்து நான் பார்த்ததில்லை. செகந்திராபாத்தில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பதினைந்து வருடம் இன்ஸ்பெக்டர். பெட்டிக்கு அடியில் நுழைந்து, டார்ச் அடித்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, தேறாத பாகத்தின் மேல் சாக்பீஸால் ஒரு பெரிய பெருக்கல் குறி போடுவது அவர் வேலை. குறி விழுந்துவிட்டால் அந்தப் பாகம் 'கண்டம்', அதாவது ஆங்கிலத்தில் 'கண்டெம்ன்', உதவாதது. அதை யாரும் தொடக்கூடாது, கழற்றி ஓரமாகப் போட்டுவிட வேண்டும். அவர் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

நான் கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி மாரெட்பள்ளியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், அம்மா சீராகக் கொடுத்த மிக்ஸி ஜாரின் மேல் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி இருந்தது. வீட்டுக்குள் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அம்மாவுக்கு போன் செய்து அழுதேன். என் கணவர்தான் விளக்கினார். ஜாரின் பிளேடு ஆடுகிறதாம், அப்பா கண்டம் செய்துவிட்டாராம். சரி, புது பிளேடு மாட்டினால் ஆயிற்று என்று கடையில் கொடுத்து மாட்டி வந்தேன். மாட்டினால் போதாதாம். பழுது பார்த்த ஆள் 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதுவும் இரண்டு காப்பி. ஒன்று ஆபீஸ் காப்பி, அது மாமாவின் ஃபைலுக்குப் போகும். இன்னொன்று பார்ட்டி காப்பி, பொருள் யாருடையதோ அவருக்குப் போகும். மிக்ஸிக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு பில்லின் பின்னால் தெலுங்கில் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தார். ஒன்றை மாமா ஃபைலில் கோத்தார், மற்றதை மரியாதையாக என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து ஒழுகும் வாளி, கால் விரிந்த பிளாஸ்டிக் நாற்காலி, கம்பி நீட்டிய குடை எல்லாம் எங்கள் வீட்டில் இந்தச் சட்டப்படிதான் வாழ்ந்து மறைகின்றன.

இந்தச் சட்டத்துக்கு இன்னொரு பிரிவும் உண்டு. பாகம் ஓடும் வழியில் உடைந்துவிட்டால், பட்டறையில் யாரும் உடைந்த இரும்பை ஏச மாட்டார்களாம். அதைப் பரிசோதித்து 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்ட ஆளைத்தான் தேடுவார்களாம். மாமா இதைப் பெருமையாகச் சொல்வார். அவர் பாஸ் செய்த எதுவும் வழியில் உடைந்ததில்லை.

போன வருடம் அவருடைய பெருங்குடலில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய்தான். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். நான்கு சுற்று முடிந்தபோது அறுபத்தெட்டு கிலோ இருந்த மனிதர் ஐம்பத்து மூன்றுக்கு வந்துவிட்டார். சட்டை, ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது. ஐம்பத்திரண்டுக்குக் கீழே போனால் அடுத்த சுற்றைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அங்கே உணவு ஆலோசனை சொல்லும் பெண்மணி ஒரு பட்டியல் கொடுத்தார். தினம் இரண்டு முட்டை, பால் மாவு கலந்த சத்துப் பானம், சாப்பாட்டில் நெய். ஒரு கிலோதான் எங்களுக்கும் ஆபத்துக்கும் நடுவில் நின்றது. எனக்கு அது ராத்திரி பகலாக நினைவில் இருந்தது என்றுதான் நினைத்தேன்.

இனி என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். மாதாப்பூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. மருந்து கம்பெனிகளுக்காக ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துச் சுருக்கி எழுதிக் கொடுப்போம். நான் டாக்டர் இல்லை, வேதியியல் படித்தவள். என் அம்மா ஊரில் 'சயின்டிஸ்ட்' என்று சொல்லி வைத்திருக்கிறாள், நானும் மறுத்ததில்லை. நாங்கள் எழுதும் எதுவும் நேராக நிற்காது. எல்லாம் 'என்று கருத இடமுண்டு' என்று சற்றுச் சாய்ந்தே நிற்கும். கடைசி வரி எப்போதும் 'மேலும் ஆய்வு தேவை'. பதினோரு வருடமாக எழுதுகிறேன், மேலும் ஆய்வு தேவைப்படாத ஒரு சங்கதியை இன்னும் பார்க்கவில்லை.

அந்த டிசம்பரில் எனக்கு வந்த தலைப்பு, ஆக்சிஜன் ஏறிக் கெட்டுப்போன கொலஸ்ட்ரால். கொலஸ்ட்ராலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், காலை நடைக்கு வரும் பெரியவர்கள் பேரன் பேத்தியைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். அது சூடும் காற்றும் வெளிச்சமும் பட்டு உருமாறினால் வேறு பல பொருள்கள் ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. திரும்பத் திரும்பச் சூடாக்கிய நெய், பால் மாவு, முட்டை மாவு, கருவாடு, நாள் கடந்த இறைச்சி, இதிலெல்லாம் அவை இருக்கும். ரத்தக் குழாயின் சுவரில் படிந்த அழுக்கிலும் அவற்றைப் பார்த்திருக்கிறார்கள். சோதனைக்கூடத் தட்டில் வளர்த்த செல்களின் மேல் ஊற்றினால் சில வகை வீக்கத்தைக் கிளப்புகின்றன. ஒரு வகை, பெண்களின் ஹார்மோன் போல வேஷம் போட்டு மார்புப் புற்று செல்களை வளரத் தூண்டுகிறது. இது கட்டுரைக் குவியலின் மேல் பாதி. கீழ்ப் பாதியை நான் அப்போது தொடவில்லை.

குவியலின் மேல் பாதியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொங்கல் சாப்பிட உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் நெய் உருக்குவது மாமாவின் வேலை. என் மாமியாரான அத்தை இருந்த காலத்திலிருந்தே அவர்தான். ஒரு எவர்சில்வர் தூக்கு. அதில் புது நெய்யைப் பழைய நெய்யின் மேலேயே ஊற்றுவார்கள். காலையில் தூக்கோடு அடுப்பில் ஏற்றி உருக்கி, எல்லோருக்கும் ஊற்றி, மூடி வைப்பார். மறுநாள் மறுபடி அடுப்பு. அந்தத் தூக்கின் அடி எப்படி இருக்கும் என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. உடம்பு முடியாமல் போன பிறகும் அவர் விடாமல் செய்த ஒரே வேலை அது.

அன்றும் உருக்கிக் கொண்டுவந்து என் இலையில் முதலில் ஊற்றினார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அது சும்மா கத்தித்தான் கெடும், நான் விளக்கம் சொல்லிக் கெட்டேன்.

"மாமா, இப்படித் தெனமும் காய்ச்சக் காய்ச்ச நெய்யில இருக்கற கொலஸ்ட்ரால் கெட்டுப் போயிருமுங்க. இரும்புல துருப் புடிக்கற மாதிரி."

ஸ்பூனைக் கீழே வைத்தார். "துருவா?"

"துருவேதானுங்க. வெளிய பாத்தா தெரியாது."

ரயில்வே இன்ஸ்பெக்டரிடம் போய்த் துரு என்று சொல்லலாமா? வேறு எந்த உவமையும் எனக்குக் கிடைக்கவில்லையா? மோர் புளிப்பது, அப்பளம் நமுப்பது என்று எத்தனை இருக்கிறது. அவர் கேட்க ஆரம்பித்தார், எனக்கும் குஷி வந்துவிட்டது. அலுவலகத்தில் நான் சொல்வதை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. ரத்தக் குழாயைச் சொன்னேன், குடலைச் சொன்னேன், மார்பில் வரும் கட்டிக்கு ஒரு வகை தீனி போடும் என்று சொன்னேன். 'கருத இடமுண்டு' எதையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கணவர் மேஜைக்கு அடியில் என் காலை இரண்டு முறை மிதித்தார். நீளமான கால், இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நானும் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மாமா மூன்று கேள்வி கேட்டார். துரு ஏற எத்தனை நாள் ஆகும், கண்ணுக்குத் தெரியாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது, சுரண்டி எடுக்க முடியுமா. நான் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவருக்குப் பின்னால் சுவரில் அத்தையின் படம் இருந்தது. அத்தை போய் ஒன்பது வருடம். மார்பில் வந்த புற்றுநோய். இதை நான் மறந்தேன் என்று சொன்னால் பொய், அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை, அது மறப்பதைவிட மோசம்.

மறுநாள் காலை சமையலறைக்குப் போனேன். நெய்த் தூக்கின் மேல் பெருக்கல் குறி. பால் மாவு டப்பாவில் குறி. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சத்துப் பான டப்பாவில் அதைவிடப் பெரிய குறி. கருவாட்டு டப்பாவில் குறி. குளிர்பெட்டியைத் திறந்தால் ஒரு டஜன் முட்டை, ஒவ்வொன்றின் தலையிலும் தனித்தனியாக, அழகாக ஒரு குறி. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்த சமயம் அது. முட்டையில் மட்டும் நடுங்கவில்லை.

"ஏனுங்க, ரெண்டு முட்டையைத் தொடச்சு ஆம்லெட் போட்டுக்கலாமுங்களா?" என்று கணவரிடம் கேட்டேன். இருநூறு பேருக்கு வேலை சொல்லும் மேனேஜர் அவர். குளிர்பெட்டிக்குள் ஒரு முறை பார்த்துவிட்டு மெதுவாகக் கதவை மூடினார். கண்டம் செய்ததை எடுப்பது தப்பு என்றார். உப்புமா போதும் என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அது என் மேலும் ஒரு குறி போட்ட மாதிரிதான் இருந்தது.

அன்றிலிருந்து மாமாவின் சாப்பாடு ரசமும் சோறும். நெய் இல்லை, முட்டை இல்லை, சத்துப் பானம் இல்லை. சாயங்காலம் இரானி ஹோட்டலுக்கு நடந்து போய் ஒரு டீ குடிப்பார், அதையும் நிறுத்திவிட்டார், நாள் முழுக்கக் கொதிக்கிற பால் என்று. கடைச் சுவரில் குறி போடாமல் வந்தாரே, அதுவே பெரிது. அடுத்த மருந்துக்குப் பதினான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் வீட்டு எடை மெஷினில் ஐம்பத்திரண்டரை காட்டியது.

நான் சும்மா இருக்கவில்லை. புதிதாக வெண்ணெய் வாங்கி, காய்ச்சி, அரை ஸ்பூன் நெய்யை ரசத்தில் கலந்து பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், அரை ஸ்பூன் நெய்யை என் மாமனாரிடம் மறைக்க முடியாது. ரசத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே மினுங்கிய வட்டங்களை எண்ணினார். கோபிக்கவில்லை, தட்டை மட்டும் என் பக்கம் தள்ளினார். பிறகு ஆஸ்பத்திரிப் பெண்மணியை போனில் பிடித்துப் பேச வைத்தேன். "ஐசா நக்கோ கரோ அங்கிள், அண்டா காவோ, கீ காவோ" என்று, இப்படி வேண்டாம், முட்டையும் நெய்யும் சாப்பிடுங்கள் என்று, அந்தப் பெண் பத்து நிமிடம் கெஞ்சியது எனக்கே கேட்டது. மாமா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஹவ், ஹவ்" என்றார். ஹவ் என்றால் இந்த ஊரில் ஆமாம் என்று அர்த்தம். மாமா சொன்னால் காதில் விழுந்தது என்று மட்டும் அர்த்தம்.

ஏழாம் நாள் நேராகவே கேட்டேன், இந்தக் கண்டத்தை எப்போது எடுப்பார் என்று. அவர் மிகவும் நியாயமாகப் பதில் சொன்னார்.

"நான் மார்க்குதான் போட்டேம்மா. ரிப்போர்ட் குட்த்தது நீ. எடுக்கணும்னா நீ ஃபிட்டுன்னு எழுதிக் குடு. நாளைக்கே நெய் ஊத்தி சாப்பட்றேன்."

இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதுவதுதானே என் தொழில். லேப்டாப்பில் உட்கார்ந்து அரை மணியில் ஒரு பக்கம் தமிழில் தட்டி அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். 'தற்போது கிடைத்துள்ள தகவல்களின்படி, அளவோடு உட்கொள்ளப்படும் நெய்யினால் பெரும் தீங்கு நேராது என்று கருத இடமுண்டு. எனினும் இது தொடர்பாக மேலும் ஆய்வு தேவை.' கடைசி வரை வந்து மறுபடி முதல் வரிக்குப் போனார். காகிதத்தைத் திருப்பி, பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

"ஓட்டலாமா, கூடாதாம்மா?" என்றார். "பெட்டியில ஜனம் ஏறி உக்காந்திருக்குது. டிரைவர் நிக்கிறான். இத்தப் படிச்சிட்டு அவன் இன்னா பண்ணுவான்?"

இரண்டாவதாக எழுதியதில் 'கருத இடமுண்டு' இரண்டு இருந்தது. திருப்பி அனுப்பினார். மூன்றாவதில் ஒரு 'பெரும்பாலும்' இருந்தது. அதன் கீழே பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். என் அலுவலக மேலாளர்கூட என்னை இப்படிப் படுத்தியதில்லை. பத்தாம் நாள், எடை ஐம்பத்திரண்டு சொச்சம், எனக்குப் பொறுமை அறுந்துவிட்டது. ஒரு ஸ்பூன் நெய்க்கு உங்களுக்கு இவ்வளவு பயமா மாமா என்று குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன்.

அவர் சாப்பாட்டு மேஜையில், குறி போட்ட தூக்கை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இன்னாம்மா பயம், எழுவத்திரண்டு வயசுல. முப்பத்தெட்டு வருசம் இந்த ஏனத்துல காய்ச்சி அவ தட்டுல ஊத்தினது நான்தான். நக்கோ நக்கோன்னுவா. எளைச்சிருக்கே, துன்னுன்னு ஊத்துவேன். நீ சொன்னியே, மார்ல வர்றதுக்குத் தீனி போடும்னு." சாக்பீஸை எடுத்து விரலுக்கு நடுவில் உருட்டினார். "தெனம் பாஸ் பண்ணவன் நான்தானேம்மா."

பத்து நாளாக நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது நெய்யோடு என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொங்கலோடு, தன் மனைவியைக் கொன்றது தான்தான் என்ற முடிவுக்கு வந்து, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். ஆதாரம் நான் கொடுத்தது. வெட்கத்தில் முகம் எரிந்தது. அவர் எதிரில் நின்றுகொண்டே அழுதேன். அவர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மெதுவாகத் தன் அறைக்குப் போனார்.

அடுத்த நாள் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, குவியலின் கீழ்ப் பாதியை எடுத்தேன். பணத்துக்காகப் படிக்கும்போது ஒரு மாதிரி படிப்போம், இது வேறு படிப்பு. வரி வரியாகப் படித்தேன், சந்தேகம் வந்த இடத்தில் திரும்பப் போனேன். மாமா பென்சிலோடு என் தோளுக்குப் பின்னால் நிற்பதாகவே நினைத்துக்கொண்டேன். மாலையில் அவர் அறைக்குப் போய்க் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

துரு என்று நான் சொன்னது பாதிதான் சரி என்று தொடங்கினேன். மார்புக் கட்டிக்குத் தீனி போடும் என்று சொன்னேனே, அந்தச் சரக்கை உடம்பே தயாரிக்கிறது. கொலஸ்ட்ராலைப் பித்தமாக மாற்றிக் கழிக்கும் வழியில் அது உண்டாகிறது. மூளைகூடத் தன்னிடம் மிஞ்சிய கொலஸ்ட்ராலை இப்படி ஒரு உருமாற்றம் செய்துதான் வெளியே அனுப்புகிறது. ஜென்மத்தில் நெய்யைத் தொடாதவர் உடம்பிலும் இது நடக்கும். இவற்றிலேயே சில, புற்று செல்லின் வளர்ச்சிக்கு பிரேக் போடுகின்றன. தட்டில் வளர்த்த செல்லுக்கும் எலிக்கும் நடந்தது மனிதருக்கு அப்படியே நடக்கும் என்று யாரும் காட்டவில்லை. ஒருவர் தட்டில் விழுந்த நெய்யைக் காட்டி இதனால்தான் அவருக்கு வந்தது என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. நெய்யைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் இருப்பது நல்லது, அதுவரை உண்மை.

"நம்ம பட்டறைக்குள்ளயே அது தயாராகுதுங்க மாமா. வெளியிருந்துதான் வரோணும்னு இல்லீங்க."

கூரையைப் பார்த்தபடியே கேட்டார். "ரெக்கார்டு இருக்குதா?"

"இருக்குதுங்க. நானே படிச்சனுங்க."

"அப்போ எழுது. ரெண்டு காப்பி."

இந்த முறை லேப்டாப்பைத் தொடவில்லை. கோடு போட்ட காகிதத்தில் கையால் எழுதினேன். பொருள், நெய். நிலை, ஃபிட், வேகக் கட்டுப்பாட்டுடன். வேகக் கட்டுப்பாடு அவருடைய பட்டறைச் சொல்தான். முழு வேகம் தாங்காத பெட்டியை மெதுவாக ஓட்டலாம் என்று அனுப்புவார்களாம், அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதை அவரே முன்பு எப்போதோ சொல்லியிருந்தார். ஒரு வாரத்துக்கு வேண்டிய நெய் மட்டும் காய்ச்ச வேண்டும். பாத்திரத்தோடு அடுப்பில் ஏற்றக் கூடாது, வேண்டிய ஸ்பூன் அளவு மட்டும் எடுத்து உருக்க வேண்டும். பழைய நெய்யின் மேல் புது நெய் ஊற்றக் கூடாது. முட்டை, ஃபிட். சத்துப் பானம், டாக்டர் சொன்ன அளவில், ஃபிட். பால் மாவு, டப்பா திறந்த ஒரு மாதம் வரை. இரானி டீ, சாயங்காலம் ஒன்று. கருவாடு, என் பிறந்த வீட்டார் வராத நாட்களில் மட்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது, எனக்கு வேண்டியிருந்தது, சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வரி விட்டு எழுதினேன். 'இந்த வீட்டில் முப்பத்தெட்டு வருடம் பரிமாறப்பட்ட நெய்தான் யாருடைய நோய்க்கும் காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அதைப் பாஸ் செய்தவர் மேல் குற்றம் இல்லை.' பதினோரு வருடத்தில் இவ்வளவு நேராக எதையும் நான் எழுதியதில்லை. எழுதி முடித்ததும் கை தன் பாட்டுக்கு 'மேலும் ஆய்வு தேவை' என்று சேர்த்துவிட்டது.

அவர் விரல் அந்த வரியில் வந்து நின்றது. "இது இன்னா?"

பழக்க தோஷம் என்றேன். அடித்தேன். அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்துப் போடச் சொன்னார், இல்லாவிட்டால் ரிப்போர்ட் செல்லாதாம். போட்டேன். கீழே பெரிய கையெழுத்தும் போட்டேன். இரண்டாவது காப்பியிலும் அதே வரியை எழுதி, அடித்து, கையெழுத்துப் போட வேண்டும் என்றார். காப்பி என்றால் காப்பியாக இருக்க வேண்டுமாம்.

மறுநாள் காலை ஈரத் துணியோடு உட்கார்ந்து முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். தூக்கில் இருந்த பழைய நெய் விளக்குக்குப் போனது. கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்தத் தூக்கின் அடியைப் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம். புது நெய்யில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தாளிக்கும் கரண்டியில் உருக்கி, சோற்றில் ஊற்றி, ஒரு வாய் சாப்பிட்டார். கணவர் அன்று மூன்று முட்டையில் ஆம்லெட் போட்டுக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மூன்று நாளில் என்ன பெரிதாக ஏறிவிடும்? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாமா பரணிலிருந்து பட்டறை பூட்ஸை இறக்கச் சொன்னார். இரும்பு முனை வைத்த பூட்ஸ், ஆளுக்கு ஆள் கை மாற்றித்தான் இறக்க வேண்டியிருந்தது. எடை பார்க்கும் இடத்தில் அந்தப் பெண்மணி கீழே பார்த்தார். "அங்கிள், ஜூத்தே நிகாலோ" என்று பூட்ஸைக் கழற்றச் சொன்னார். மாமா நக்கோ என்றார். குளிர்கிறது என்றார். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் சரக்கைத் திறந்து காட்டச் சொன்ன மனிதர், தன் முறை வந்ததும் இப்படி. கடைசியில் கழற்றினார். ஐம்பத்திரண்டு கிலோ இருநூறு கிராம். மெஷினிலிருந்து அவர் இறங்கும் முன்பே நான் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். ஐந்தாவது சுற்று மருந்து அன்றே ஏறியது.

ஆபீஸ் காப்பியை அவர் ஃபைலில் கோத்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்ட்டி காப்பி மட்டும் என்னிடம் வரவில்லை. சமையலறை என்னுடையது, நெய் என்னுடையது, மிக்ஸி ஜாருக்கு வந்த மாதிரி இதுவும் எனக்குத்தானே வர வேண்டும் என்று ஒரு நாள் கேட்டேன். அது பார்ட்டிக்குப் போய்விட்டது என்றார். மருந்து ஏறிய களைப்பில் எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு முன் வீட்டை ஒட்டடை அடித்தபோது சுவரிலிருந்து அத்தையின் படத்தை எடுத்தேன். சட்டத்தின் பின்னால் நான்காக மடித்த கோடு போட்ட காகிதம் ஒன்று செருகியிருந்தது. என் கையெழுத்து தெரிந்தது, மடிப்பின் மேல் சாக்பீஸ் விரல் தடம் இரண்டு இருந்தன. பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து, காகிதத்தை இருந்த மாதிரியே செருகி, படத்தை ஆணியில் மாட்டிவிட்டு, மாமாவுக்கு ஒரு ஸ்பூன் நெய் உருக்கப் போனேன்.